எழுதாத தாளில் கையெழுத்து

2022 ஜூன் மாதத் தொடக்கத்தில் கடலூர் மாவட்டத்துக் காவலர் ஒருவர் கந்துவட்டி நெருக்கடி தாங்காமல் உயிரை மாய்த்துக்கொண்டார். சில நாட்களிலேயே அன்றைய டி.ஜி.பி. சைலேந்திர பாபு, ‘ஆபரேஷன் கந்துவட்டி’ என்ற பெயரில் மாநிலம் முழுவதும் நடவடிக்கைக்கு உத்தரவிட்டார். வட்டிக்கு விடுகிறவர்களின் வீடுகளைச் சோதனையிட்டு, கையெழுத்து வாங்கி வைத்த வெற்றுத் தாள்களையும் காசோலைகளையும் கைப்பற்றச் சொன்னது அந்த உத்தரவு. மாதச் சம்பளமும் சட்ட அறிவும் உள்ள காவலருக்கே இந்தக் கதி. தேவனாம்பட்டினத்தில் மீன் விற்கும் அம்மாவும், காட்டுமன்னார்கோவில் பக்கத்துக் குத்தகை விவசாயியும் எந்த நிலையில் இருப்பார்கள் என்று எண்ணிப் பாருங்கள்.

இந்த மாவட்டத்தில் கடனுக்கென்று ஒரு பருவம் உண்டு. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் மீன்பிடித் தடைக்காலம். அது முடிவதற்குள் பள்ளிக்கூடம் திறந்துவிடும். சிதம்பரம் பக்கம் சம்பாவுக்கு ஆவணியிலேயே பணம் இறங்கத் தொடங்கும். கையில் காசு பார்க்கத் தை பிறக்க வேண்டும். நடுவில் ஐப்பசி, கார்த்திகை மழை. 2011-இல் தானே, 2015-இல் வெள்ளம், 2024-இல் ஃபெஞ்சல் என்று பார்த்துவிட்ட ஊர் இது. வருமானம் நிற்கும் அந்த வாரங்களில்தான் தண்டல்காரரின் வண்டி வாசலுக்கு வருகிறது.

அவர் கொடுக்கும் அட்டையைக் கையில் எடுத்துப் பாருங்கள். நூறு கட்டங்கள், ஒவ்வொன்றிலும் 100 ரூபாய் வசூலான தேதியும் ஒரு கிறுக்கல் கையெழுத்தும். கடன் 10,000 என்று எழுதியிருக்கும். கைக்கு வந்தது பிடித்தம் போக 8,500. ‘நூறு நாளைக்கு 1,500 ரூபாய்தானே, 15 சதவீதம்’ என்று தோன்றும். ஆனால் முதல் நாளிலிருந்தே அசலைத் திருப்பிக்கொண்டிருக்கிறீர்கள். ஐம்பதாவது நாளில் உங்களிடம் மீதி இருப்பது பாதிப் பணம்கூட இல்லை. இதை ஆண்டுக் கணக்காக்கினால் வட்டி ஏறத்தாழ 120 சதவீதம். ‘பத்து வட்டி’ என்பதும் அதே 120தான்: 50,000 வாங்கினால் மாதம் 5,000 வட்டி. பத்தே மாதத்தில் 50,000 கட்டி முடித்திருப்பீர்கள், அசல் அப்படியே நிற்கும். எந்தக் கடனாக இருந்தாலும் கைக்கு வந்த தொகை, மொத்தமாகக் கட்டப்போகும் தொகை, ஆண்டு வட்டி மூன்றையும் எழுதிப் பார்த்த பிறகே தலையாட்டுங்கள்.

நுண்கடன் நிறுவனங்கள் தரும் குழுக் கடனுக்கு இவ்வளவு கொடுமையான வட்டி இல்லை. அதன் ஆபத்து வேறு இடத்தில். ஒரே வீட்டில் இரண்டு, மூன்று நிறுவனங்களின் வார டியூ சேர்ந்துவிடுகிறது. ஆண்டு வருமானம் மூன்று லட்சத்துக்குள் இருக்கும் குடும்பத்தின் எல்லாக் கடன் தவணையும் சேர்ந்து மாத வருமானத்தில் பாதியைத் தாண்டக் கூடாது என்பது 2022-இல் ரிசர்வ் வங்கி வகுத்த விதி. இத்தகைய கடனுக்காகக் காலை 9 மணிக்கு முன்பும் மாலை 6 மணிக்குப் பிறகும் போன் செய்து தொந்தரவு செய்யவும் கூடாது. குழுப் பெண்கள் முன்னால் தலைகுனிய நேருமே என்று தண்டலில் வாங்கி டியூ கட்டுகிறார்களே, வீடு கைவிட்டுப் போகத் தொடங்குவது அந்த நாளில்தான். அதற்குப் பதில் நிறுவனத்தின் கிளைக்கு நேரில் போய்த் தவணையைக் குறைத்துத் தரும்படி எழுதிக் கேளுங்கள். வீட்டில் நகை இருந்தால், வங்கியிலோ கூட்டுறவு வங்கியிலோ வைத்துத் தண்டலையும் பத்து வட்டியையும் முதலில் அடைத்துவிடுங்கள். அங்கே வட்டி அதில் ஒரு சிறு பங்குதான். மீட்க வேண்டிய தேதியை மட்டும் சுவரில் எழுதி வையுங்கள்.

இனி அந்த வெற்றுத் தாள் விஷயம். முத்திரை ஒட்டிய, தொகை எழுதாத புரோநோட்டில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால், அதை நிரப்பிக்கொள்ளும் அதிகாரத்தைச் சட்டமே வாங்கியவருக்குத் தருகிறது. செலாவணி முறிச் சட்டத்தின் 20-ஆம் பிரிவு அது. தொகை எழுதாத செக் இன்னும் மோசம். அவர் எழுதும் எண்ணுக்கு உங்கள் கணக்கில் பணம் இல்லையென்றால் 138-ஆம் பிரிவில் வழக்கு, இரண்டு ஆண்டு வரை சிறை. வாங்கியது இவ்வளவுதான் என்று நீதிமன்றத்தில் நிரூபிக்கும் பாடு உங்கள் தலையில் விழும். அவசரம் எவ்வளவு இருந்தாலும் தொகை, தேதி, வட்டி மூன்றையும் உங்கள் கண்ணெதிரே எழுதவைத்து, போனில் ஒரு படம் எடுத்துக்கொண்டு கையெழுத்துப் போடுங்கள். ஏ.டி.எம். கார்டை யாரிடமும் அடகு வைக்காதீர்கள்.

ஏற்கெனவே சிக்கியிருப்பவர்களுக்கு 2003-ஆம் ஆண்டின் கந்துவட்டித் தடைச் சட்டம் இருக்கிறது. நாள் வட்டி, மணி வட்டி, மீட்டர் வட்டி, தண்டல் எல்லாவற்றையும் பெயர் சொல்லியே தடுக்கிறது. தண்டனை மூன்று ஆண்டு வரை சிறை, 30,000 ரூபாய் வரை அபராதம். நியாயமான வட்டியோடு பாக்கியை நீதிமன்றத்தில் கட்டிவிடவும் அதில் வழி உண்டு. காவல் நிலையத்தில் மனுவை வாங்கத் தயங்கினால், திங்கட்கிழமை கடலூர் ஆட்சியர் அலுவலகக் குறைதீர்க் கூட்டத்தில் கொடுத்து ரசீது வாங்குங்கள். மனம் உடைந்து தப்பான எண்ணம் வந்தால் 104-ஐ அழையுங்கள்; எந்நேரமும் எடுப்பார்கள்.

இனிமேல் கட்டுவதை வங்கிக் கணக்கு வழியாகவே கட்டுங்கள், தடயம் இருக்கும். கடைசித் தவணையைக் கொடுக்கும் அன்று, உங்கள் கையெழுத்துள்ள நோட்டும் செக்கும் மேசைக்கு வந்த பிறகு பணத்தை எடுங்கள். ‘வீட்டில் இருக்கு, நாளைக்குத் தர்றேன்’ என்றால், நாளைக்கே வந்து கட்டுவதாகச் சொல்லிவிட்டு எழுந்து வாருங்கள்.