சம்மணம் போடும் பொய்க்கால்!

ராஜஸ்தானில் ஜெய்ப்பூர் நகரம். அங்கே சவாய் மான்சிங் ஆஸ்பத்திரியில் 1960-களில் எலும்பு வைத்தியராக இருந்தவர், டாக்டர் பிரமோத் கரண் சேத்தி.

விபத்திலும் நோயிலும் காலை இழந்தவர்கள் அவரிடம் வருவார்கள். அவர்களுக்கு வெளிநாட்டு முறையில் செய்த பொய்க்கால் பொருத்தப்படும். மகிழ்ச்சியோடு நடந்து போவார்கள். கொஞ்ச நாளில் அவர்களில் பலர் பழையபடி ஊன்றுகோலோடு வந்து நின்றார்கள்!

"பொய்க்கால் எங்கே?" என்றால், அது வீட்டு மூலையில் கிடந்தது.

அது நல்ல கால்தான். ஆனால் நாற்காலியில் உட்காருகிறவருக்காகச் செய்த கால். அதற்குப் பூட்ஸ் மாட்டியே ஆகவேண்டும். கணுக்கால் வளையாது. நம் நாட்டு உழவர் என்ன செய்வார்? தரையில் சம்மணமிட்டுச் சாப்பிடுவார். காலைக்கடனுக்குக் குந்தி உட்காருவார். கோவிலுக்கும் சமையல் அறைக்கும் செருப்போடு போகமாட்டார். பூட்ஸ் காலோடு சேற்று வயலில் இறங்கத்தான் முடியுமா? வயலில் இறங்காவிட்டால் கூலி ஏது? கால் கிடைத்தும் பிழைப்பு கிடைக்கவில்லை!

குறை எது என்று டாக்டருக்குப் புரிந்தது. அதைத் தீர்க்க ஒரு கைவினைஞர் வந்தார். அவர் ராம் சந்திர சர்மா. ஆஸ்பத்திரியில் நோயாளிகளுக்குக் கைத்தொழில் கற்றுக்கொடுத்து வந்தவர். 'மாஸ்டர்ஜி' என்று எல்லோரும் அழைப்பார்கள். வைத்தியப் படிப்பு படித்தவர் அல்ல.

ஒருநாள் அவருடைய சைக்கிள் பஞ்சர் ஆயிற்றாம். கடையில் பழைய டயருக்கு ரப்பர் போட்டுக்கொண்டிருந்ததைப் பார்த்தாராம். 'இதே ரப்பரில் பாதம் செய்தால் என்ன?' என்று தோன்றியதாம்!

1968-ல் 'ஜெய்ப்பூர் கால்' பிறந்தது. குதிகாலுக்கும் முன்பாதத்துக்கும் பஞ்சு போன்ற ரப்பர். கணுக்காலுக்கு மரக்கட்டை. எல்லாவற்றையும் டயர் ரப்பரால் சுற்றி, அச்சில் வைத்து வேகவைத்தார்கள். தோலின் நிறம், ஐந்து விரல்கள் எல்லாம் உண்டு. பூட்ஸ் வேண்டாம். தண்ணீரில் நனையலாம். மேடு பள்ளத்துக்குத் தக்கபடி வளையும். குந்தலாம், சம்மணம் போடலாம், மரமும் ஏறலாம்!

நடனமும் ஆடலாம். பரதநாட்டியக் கலைஞர் சுதா சந்திரன் 1981-ல் திருச்சி அருகே நடந்த பஸ் விபத்தில் வலது காலை இழந்தார். அரைமண்டியில் அமர்ந்து, வெறுங்காலால் தரையைத் தட்டி ஆடும் ஆட்டம் அது. பூட்ஸ் மாட்டிய கால் அதற்கு எப்படி உதவும்? அவர் ஜெய்ப்பூர் காலோடு பயிற்சி செய்தார். வலி அதிகம். விடவில்லை. 1984-ல் மீண்டும் மேடை ஏறினார்! அவருடைய கதை 1985-ல் 'மயூரி' என்ற தெலுங்குப் படமாக வந்தது. அவரே நடித்தார்.

டாக்டர் சேத்திக்கு 1981-ல் மகசேசே பரிசு கிடைத்தது. சர்மாவின் பெயர் அவ்வளவு தூரம் பரவவில்லை. பரவியிருக்கவேண்டும்.

இந்தக் காலிலும் குறை உண்டு. கனம் சற்று அதிகம். கையால் செய்வதால் ஒன்றைப்போல் ஒன்று அமைவதில்லை. சில ஆண்டுகளில் தேய்ந்தும்விடும். முழங்காலுக்குக் கீழே முதலில் அலுமினியத் தகடு வைத்தார்கள். பிறகு, வயலுக்குத் தண்ணீர் கொண்டுபோகும் பிளாஸ்டிக் குழாயே காலாயிற்று! செலவு குறைந்தது. 1975-ல் ஜெய்ப்பூரில் தொடங்கிய பகவான் மகாவீர் சங்கம் இதை இலவசமாகவே பொருத்துகிறது.

கண்ணிவெடியில் கால் இழந்த ஆப்கானிஸ்தான் மக்களுக்கும் இந்தக் கால் போயிற்று. அங்கேயும் வீட்டில் தரையில்தான் உட்காருகிறார்கள்.