பயிர்ச்செய்கைக் கூட்டத்தில் ஆளறிந்து கதைத்தல்

ஒரே செய்தியை ஒரே சொற்களில் சொன்னாலும் எல்லாரும் அதை ஒரேமாதிரி எடுத்துக்கொள்வதில்லை. ஒருவருக்கு முடிவு முதலில் தெரிய வேண்டும். இன்னொருவர் கணக்கைக் காணாமல் அசையமாட்டார். வேறொருவர் சபையில் தலையாட்டிவிட்டு வீட்டுக்குப் போய்த்தான் யோசிப்பார். கேட்பவரின் இயல்பைப் பார்த்து, எதை முன்னால் சொல்வது, எங்கே சொல்வது, எந்தச் சான்றைக் காட்டுவது என்று மாற்றிக்கொள்வதே ஆளறிந்து கதைத்தல்.

வன்னியில் இந்தத் திறன் அதிகம் தேவைப்படும் இடம் பயிர்ச்செய்கைக் கூட்டம். ஏ9 வீதியில் புளியங்குளத்துக்கும் மாங்குளத்துக்கும் இடையே உள்ள கனகராயன்குளம் போன்ற ஊர்களில் நெற்செய்கை குளத்தை நம்பியது. போகம் தொடங்குமுன் கமக்காரர் அமைப்பினரும் கமநல, நீர்ப்பாசன அலுவலர்களும் விவசாயப் போதனாசிரியரும் ஒன்றுகூடுவர். எத்தனை ஏக்கர் விதைப்பது, எப்போது விதைப்பது, துருசு எந்தத் தேதியில் திறப்பது, வாய்க்காலை எப்போது துப்புரவாக்குவது, மாடுகளை எப்போது கட்டுவது என்பவை அங்கே முடிவாகும். காலபோகத்துக்கு வடகீழ்ப் பருவமழை கைகொடுக்கும். சிறுபோகத்துக்குக் குளத்தில் நிற்கும் நீரே பெரும் ஆதாரம். நீர் குறைந்த ஆண்டில் விதைக்கும் பரப்பும் குறையும். சொல்லும் முறை அப்போதுதான் சோதனைக்கு வருகிறது.

வகை பிரித்த மரபு

கேட்பவரை வகை பிரிப்பது தமிழுக்குப் புதிதல்ல. பதின்மூன்றாம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் இயற்றிய நன்னூலின் பாயிரம் மாணாக்கரை மூன்று தரமாக்குகிறது. பாலை நீரினின்று பிரிக்கும் அன்னமும், மேய்ந்ததை இருந்து அசைபோடும் பசுவும் முதல் தரம். உழைப்புக்கேற்ப விளையும் மண்ணும், சொன்னதையே சொல்லும் கிளியும் நடுத்தரம். ஓட்டைக் குடம், ஆடு, எருமை, நெய்யரி ஆகியவை கடைத்தரம். ஆனால் இது மாணவரைத் தரம்பார்க்கும் வகைப்பாடு. இயல்புக்கேற்பக் கதைப்பதற்குத் தரம் தேவையில்லை. வேறுபாட்டை அறிந்தாலே போதும்.

இருபதாம் நூற்றாண்டில் சுவிஸ் உளவியலாளர் கார்ல் யுங் 1921இல் அகமுகம், புறமுகம் என்ற பிரிவை முன்வைத்தார். அமெரிக்கரான வில்லியம் மார்ஸ்டன் 1928இல் வெளியிட்ட நூலில் மனிதர் நடந்துகொள்ளும் விதத்தை நான்காகப் பகுத்தார். பின்வந்தவர்கள் அதைக் கேள்வித்தாளாக்கினர். இன்று நிறுவனங்கள் நடத்தும் பயிற்சிகள் பலவற்றின் வேர் இந்த நான்கில் உள்ளது.

ஒரு செய்தி, நான்கு வழி

சிறுபோகத்துக்கு மூன்றரை மாத நெல்லான ஏடி 362ஐ விட்டு மூன்று மாத நெல்லான பிஜி 300ஐ விதைக்கும்படி ஒரு போதனாசிரியர் சொல்ல வேண்டியிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். காரணம் ஒன்றே: வயலுக்குத் தண்ணீர் விடும் காலம் ஏறக்குறைய இரண்டு வாரம் குறையும்.

முடிவை விரைவாக எடுப்பவரிடம் முன்னுரை வேண்டாம். “தண்ணி காணாது அண்ணை, மூன்று மாத நெல்லைப் போட்டால் கடைசித் தண்ணிக்கு அந்தரப்படத் தேவையில்லை” என்றால் போதும். தெரிவு அவருடைய கையில் இருப்பதாக அவர் உணர வேண்டும்.

கலகலப்பாகப் பழகுபவர் கதையோடு கதையாகத்தான் கேட்பார். அவரிடம் கணக்குத் தாளை நீட்டுவதைவிட, ஊரில் யார் யார் இதை விதைக்கிறார்கள் என்று தொடங்குவது பயன் தரும். அவர் ஏற்றுக்கொண்டால் செய்தி தேநீர்க்கடை வரை போகும். ஒப்புக்கொண்ட தேதியை மட்டும் திரும்ப நினைவூட்ட வேண்டும்.

நிதானமானவருக்கு மாற்றமே கடினம். சபையில் வைத்து அவரை நெருக்கினால் “ஓம்” என்பார். வயலில் பழைய நெல்லே முளைக்கும். அவரைத் தனியே வயலில் சந்தித்து, முதலில் ஒரு துண்டில் மட்டும் விதைத்துப் பார்க்கச் சொல்வது நல்லது.

கணக்குக் கேட்பவர் குறை பிடிப்பவராகத் தோன்றலாம். குளத்தில் எத்தனை அடி நீர், மூன்று மாத நெல்லின் விளைச்சல் எவ்வளவு குறையும், விதைநெல் எங்கே கிடைக்கும் என்ற கேள்விகளுக்கு அவர் விடை வேண்டுகிறார். தெரியாததைத் தெரியாது என்று சொல்லி, விசாரித்து வந்து பதில் தருபவரையே அவர் நம்புவார்.

யார் சொன்னால் கேட்பார்கள்

இயல்பைப் போலவே புதியதை ஏற்கும் வேகமும் ஆளுக்காள் மாறும். அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் கலப்பினச் சோளம் பரவியதை ஆராய்ந்த பிரைஸ் ரையனும் நீல் குரோசும் 1943இல் முடிவை வெளியிட்டனர். கமக்காரருக்குச் செய்தியை முதலில் கொண்டுவந்தவர்கள் பெரும்பாலும் விதை விற்பனையாளர்கள். விதைக்கத் துணியவைத்தவர்கள் அயலவர்கள். இத்தகைய ஆய்வுகளைத் தொகுத்து எவரெட் ரொஜர்ஸ் 1962இல் எழுதிய நூல், முன்னோடிகள் 2.5 வீதம், அவர்களை அடுத்து ஏற்போர் 13.5 வீதம், பிந்தி ஏற்போர் 16 வீதம் என்றும் நடுவில் நிற்பவர்களை இரண்டு 34 வீதங்களாகவும் வகுத்தது. முன்னோடிக்குப் பேச்சு போதும். நடுவில் நிற்பவர்களுக்கு அயல் வயலில் விளைந்த கதிரைக் காட்ட வேண்டும். வயல் விழாக்கள் நடத்தப்படுவதன் பயன் இதுவே.

வகைப்பாட்டின் எல்லை

வகைகள் தொடக்கக் கணிப்புக்கு மட்டுமே உதவும். யுங்கின் கருத்திலிருந்து வளர்ந்த மையர்ஸ்–பிரிக்ஸ் சோதனையைச் சில வாரம் கழித்து மீண்டும் எழுதுவோரில் கணிசமானோர் வேறு வகைக்குள் விழுகின்றனர். இன்றைய உளவியல் ஆளுமையைப் பெட்டிகளாக அடைக்காமல், கூடிக்குறையும் ஐந்து பண்புகளாக அளக்கவே விரும்புகிறது.

சூழலும் இயல்பை மறைக்கும். வன்னி மக்களில் பலர் 2008–2009இல் போரால் இடம்பெயர்ந்து, முகாமில் இருந்து, மீளக் குடியமர்ந்தவர்கள். கூட்டத்தில் ஒருவர் பேசாதிருப்பதற்குக் கூச்சம், இழப்பு, கடன், அலுவலர் மீதான ஐயம் எதுவும் காரணமாகலாம். குடும்பத்தைத் தனியே தாங்கும் பெண் ஆண்கள் நிறைந்த சபையில் வாய் திறக்காமல், வீட்டு வாசலில் விரிவாகக் கதைக்கக்கூடும். வயதுக்கேற்ற ஐயா, அம்மா, அண்ணை, அக்கா என்ற விளிப்பு எல்லா வகையினருக்கும் பொது.

மாறவேண்டியது சொல்லும் முறை மட்டுமே. ஒருவரிடம் ஒரு தேதியும் இன்னொருவரிடம் வேறு தேதியும் சொன்னால் துருசடியில் சண்டைதான் மிஞ்சும். முறை எவ்வளவு நன்றாக இருந்தாலும் செய்தியின் குறையை அது ஈடுசெய்யாது. 2021 மே மாதம் இரசாயன உர இறக்குமதியை இலங்கை அரசு தடைசெய்தது. போதிய மாற்று உரம் கையில் இல்லாத கமக்காரர் நாடெங்கும் எதிர்த்தனர். அவ்வாண்டு நவம்பரில் அரசு பின்வாங்கியது. எந்த இயல்புடையவரிடம் எப்படிச் சொன்னாலும், உரம் எங்கே என்ற கேள்விக்கு அந்தச் செய்தியில் விடை இருக்கவில்லை.