பழைய ஊசியும் புதிய நம்பிக்கையும்

1921-ஆம் ஆண்டு வைத்திய உலகில் மறக்கவொண்ணாதது. க்ஷயரோகத்தைத் தடுக்கும் பி.ஸி.ஜி. மருந்து பாரிஸ் நகரில் ஒரு குழந்தைக்கு முதன்முதலாகக் கொடுக்கப்பட்டது அவ்வாண்டில்தான். டொராண்டோ நகரில் இன்ஸுலின் கண்டுபிடிக்கப்பட்டதும் அவ்வாண்டில்தான். அந்தப் பழைய தடுப்பு மருந்து குழந்தைகளின் நீரிழிவையும் தீர்க்குமா என்று இப்பொழுது கேட்கிறார்கள்.

குழந்தைகளுக்கு வரும் முதல் வகை நீரிழிவு இனிப்புத் தின்பதால் வருவதன்று. பெற்றோரின் பிழையாலும் அன்று. உடலைக் காக்க வேண்டிய வெள்ளணுக்களே, கணையத்தில் இன்ஸுலின் சுரக்கும் அணுக்களைப் பகையென்று எண்ணி அழித்துவிடுகின்றன. வேலியே பயிரை மேய்ந்த கதைதான். அந்த வேலியை பி.ஸி.ஜி. திருத்தக்கூடும் என்பது சில ஆராய்ச்சியாளரின் கருத்து.

நோய் புதிதாகக் கண்ட 94 பேருக்கு, குழந்தைகளும் இளைஞருமாக, அமெரிக்காவில் நடத்திய சோதனையின் முடிவு 1999-இல் வெளியாயிற்று. ஒரு முறை போட்ட ஊசியால் பயன் இல்லை. பாஸ்டன் நகரில் டாக்டர் டெனிஸ் பாஸ்ட்மன் குழுவினர், நெடுநாள் நோயுற்ற பெரியவர்களுக்கு இரு முறை ஊசி போட்டனர். மூன்று ஆண்டுகள் கழிந்தபின் ரத்தத்தில் சர்க்கரை நன்கு குறைந்ததென்று 2018-இல் அறிவித்தனர். ஆனால் ஊசி பெற்றவர் மிகச் சிலரே. அவர்கள் இன்ஸுலினை அறவே விட்டவர்களும் அல்லர்.

சிலரைக் கொண்டு முடிவு கட்டலாகாது என்பதை உலகுக்குக் காட்டியது நம் தமிழகமே. 1968-இல் செங்கற்பட்டு ஜில்லாவில் தொடங்கிய பி.ஸி.ஜி. சோதனையில் இரண்டரை லட்சத்துக்கு மேற்பட்ட மக்கள் பங்கு கொண்டனர். பதினைந்து ஆண்டுகள் கவனித்ததில், பெரியவர்களின் நுரையீரல் க்ஷயத்தை அது தடுக்கவில்லை என்பது புலனாயிற்று. கசப்பான அந்த உண்மையை மறைக்காமல் வெளியிட்டது நம் நாட்டுக்குப் பெருமையேயாகும்.

சேத்தூரிலும் ராஜபாளையத்திலும் பிறக்கும் குழந்தைக்கும் இடது தோளில் பி.ஸி.ஜி. போடுவது வழக்கம். அது க்ஷயத்துக்கான காப்பு. நீரிழிவுக்கு இன்னும் ஏற்கப்பட்ட சிகிச்சை அன்று. "புது ஊசி வந்துவிட்டதாம்" என்ற பேச்சைக் கேட்டு, பெற்றோர் ஒரு நாள்கூடக் குழந்தையின் இன்ஸுலினை நிறுத்தலாகாது. நிறுத்தினால் உயிருக்கே ஆபத்து. குளிர்ப்பெட்டி இல்லாத வீட்டில், மருந்துக் குப்பியை ஈரம் படாமல் மூடி, நீர் தெளித்த மண் பானைக்குள் வைத்தால் வெயிலில் கெடாது.

ஆராய்ச்சி நடக்கட்டும், நாம் நம்பிக்கையுடன் காத்திருப்போம். அதுவரையில் குழந்தையின் உயிர் இன்ஸுலினிடத்தில் இருக்கிறது.