சுண்ணம் இடிக்கும் பாட்டும் கிணற்றடியும்

சென்ற வாரம் இந்நிகழ்ச்சியில் ஒப்பாரிப் பாடல்களைப் பற்றிப் பேசியிருந்தேன். அதனைச் செவிமடுத்த கோண்டாவில் நேயர் ஒருவர் கடிதம் எழுதியிருக்கிறார். "பிறந்த குழந்தைக்குத் தாலாட்டு இருக்கிறது. இறந்தவருக்கு ஒப்பாரி இருக்கிறது. பெற்ற பிள்ளையையே ஆரென்று கேட்கிற அம்மாவை நான் ஆறு வருடமாக வைத்துப் பார்க்கிறேன். எங்கள் இரண்டு பேருக்கும் ஒரு பாட்டு இல்லையா?" என்பது அவருடைய கேள்வி.

இந்தக் கேள்விக்கு ஒரு வாரமாக விடை தேடினேன். தேடியதில் கிடைத்தவற்றை நேயர்களோடு பகிர்ந்துகொள்வதே இன்றைய உரை. இடையில் என் வீட்டுக் கதையும் வரும், பொறுத்தருள வேண்டும்.

எங்கள் ஊர்ப்பக்கத்தில் இந்த நோய்க்குப் பெயர் உண்டு. "கிழவருக்கு அறளை பேந்திட்டுது" என்போம். சொல்லிவிட்டுச் சிரித்துக்கொண்டு அப்பால் போவோம். அதை ஒரு நோயென்று நாம் கொண்டதில்லை. வயதின் குணமென்றே கொண்டோம். 1906ஆம் ஆண்டில் ஜேர்மனிய வைத்தியர் அலோய்ஸ் அல்ஸைமர் தம்மிடம் சிகிச்சை பெற்ற ஒரு பெண்ணின் மூளையை ஆராய்ந்து கண்டதைச் சக வைத்தியர்கள் முன் எடுத்துரைத்தார். டிமென்சியா எனப்படும் மறதி நோய்களுள் பெரும்பங்கு இன்று அவர் பெயராலேயே வழங்குகிறது. உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 2021இல் உலகில் 5 கோடி 70 இலட்சம் பேர் மறதி நோயோடு வாழ்ந்தனர். அவர்களைப் பராமரிக்கும் நேரத்தில் நூற்றுக்கு 70 பங்கு பெண்களுடையது என்றும் அந்நிறுவனம் சொல்கிறது. இந்த எழுபதை நேயர்கள் நினைவில் வைத்திருங்கள்.

முதுமையைப் பாடிய பழந்தமிழ்ப் பாட்டு என்றதும் புறநானூற்று 243ஆம் பாடல் நினைவுக்கு வரும். தொடித்தலை விழுத்தண்டினார் பாடியது. தடியை ஊன்றி, இருமலுக்கு இடையே சில சொற்களை மட்டும் பேசக்கூடிய ஒரு முதியவர், சிறுவனாயிருந்தபோது மருதமரக் கிளையில் ஏறி ஆழமான மடுவிற் குதித்து அடிமணலை அள்ளி வந்ததை எண்ணி இரங்குகிறார். அருமையான பாட்டு. ஆனால் அந்த முதியவருக்குத் தாம் இழந்தது இன்னதென்று தெரியும். மறதி நோயாளிக்கு அது தெரியாது. இழப்பு முழுவதும் பக்கத்தில் இருப்பவருடையது. அந்தப் பக்கத்தில் இருப்பவர் பாடிய பாட்டு எங்கே?

சைவ மரபில் ஒரு தமக்கை இருக்கிறார். சூலைநோயால் துடித்து வந்த தம்பியைத் தாங்கித் திருவதிகைக் கோயிலுக்கு அழைத்துச் சென்ற திலகவதியார். தம்பி நாவுக்கரசர் ஆனார். அவர் பாடிய முதற் பதிகத்தை இன்றும் பாடுகிறோம். திலகவதியார் பாடியதாக ஒரு வரியும் இல்லை. அவர் செய்த பணியைச் சேக்கிழார் சொல்லித்தான் அறிகிறோம். பராமரிப்பவர்களுக்குப் பாட்டுக் கட்ட நேரம் எங்கே இருந்தது என்று எனக்கு நானே கேட்டுக்கொண்டேன்.

மேல்நாட்டில் இவ்வகைப் பாட்டுகள் ஒரு தனிக் கிளையாகவே வளர்ந்திருக்கின்றன. 1989ஆம் ஆண்டில் இரண்டு பாட்டுகள் வந்தன. ஒன்று, எல்விஸ் கொஸ்ரெலோ தம் பாட்டியை எண்ணி, போல் மக்கார்ட்னியோடு சேர்ந்து எழுதிய 'வெரோனிக்கா'. துள்ளும் மெட்டு, சோகப் பாட்டென்று முதலிற் கேட்பவருக்குத் தெரியாது. மற்றது கதி மற்றியா என்னும் அமெரிக்கப் பாடகி பாடியது. அதை எழுதியவர்கள் அவருடைய கணவர் ஜோன் வெஸ்னரும் டொன் ஹென்றியும். வெஸ்னரின் பாட்டனும் பாட்டியும் ஒரே வைத்தியசாலையில் வெவ்வேறு இடத்தில் இருந்தார்கள். யாரையும் அறியாதிருந்த பாட்டியிடம் பாட்டனைக் கொண்டுபோய் விட்டபோது, 'எங்கே போயிருந்தீர்கள்?' என்று அவர் கேட்டாராம். அந்தக் கேள்வியே பாட்டின் தலைப்பு. அது கிராமி விருதும் பெற்றது.

கேட்டால் கண் கலங்கும், நானும் கலங்கினேன். ஆனால் இப்பாட்டைக் குறித்து எனக்கு ஒரு மனக்குறை உண்டு. கடைசியில் அடையாளம் கண்டுகொள்ளும் அந்த ஒரு கணத்தில்தான் இதன் அழகெல்லாம் தங்கியிருக்கிறது. அந்தக் கணம் எல்லா வீட்டிலும் வருவதில்லை. இன்றைக்கு வரும், நாளைக்கு வரும் என்று காத்திருக்கும் பிள்ளை நோயாளியைவிட விரைவாக உடைந்துபோகும்.

அவ்வகையில் கிளென் கம்பெலின் கடைசிப் பாட்டு நேர்மையானது. கிராமியப் பாடகராக உலகப் புகழ் பெற்ற அவர், தமக்கு அல்ஸைமர் நோய் என்பதை 2011இல் பகிரங்கமாக அறிவித்தார். அதன் பின்னும் பிள்ளைகள் மூவர் பக்கவாத்தியம் வாசிக்க ஊர் ஊராகப் போய்ப் பாடினார். பாட்டு வரிகள் திரையில் ஓட, அதைப் பார்த்துப் பாடினார். 2013 தையில் இறுதியாக ஒரு பாட்டை ஒலிப்பதிவு செய்தார். 'உன் பிரிவு என்னை வருத்தப்போவதில்லை' என்று மனைவியை நோக்கிச் சொல்வது அதன் பொருள். முதலிற் கேட்கையில் கல்நெஞ்சாகத் தோன்றும். தனக்கு நினைவே இராது, ஆகவே வருத்தமும் இராது, வருத்தம் முழுவதும் உனக்குத்தான் என்பது பிறகுதான் உறைக்கும். அப்பாட்டு 2015இல் கிராமி விருது பெற்றது, ஒஸ்காருக்கும் பரிந்துரைக்கப்பட்டது. அவர் 2017 ஆவணியில் மறைந்தார். கூடவே பான்ஜோ வாசித்துத் திரிந்த மகள் ஆஷ்லியும், இனித் தந்தைக்காகத் தானே நினைவு வைத்திருப்பதாக ஒரு பாட்டு எழுதினார். பராமரிக்கும் பக்கத்திலிருந்து வந்த குரல் என்பதால் எனக்கு அது பிடிக்கும்.

நம் அயலிலும் பாட்டு இல்லாமல் இல்லை. 2005இல் பிளெஸ்ஸி இயக்கிய 'தன்மாத்ரா' என்ற மலையாளப் படத்தில் மோகன்லால் மெல்ல மெல்ல நினைவிழக்கும் ஓர் அலுவலராக நடித்தார். அந்த மலையாளப் படத்தில் நம் பாரதியின் கண்ணம்மா பாட்டொன்று தமிழிலேயே ஒலிக்கிறது. 2015இல் வந்த மணிரத்னத்தின் 'ஓ காதல் கண்மணி'யில், நினைவு தேயும் முன்னாள் சங்கீதப் பாடகியாக லீலா சாம்சன் வருகிறார். அவரைப் பார்த்துக்கொள்ளும் கணவராகப் பிரகாஷ்ராஜ். படத்தின் காதலர்களை எனக்கு மறந்துவிட்டது. அந்த முதிய தம்பதி நினைவில் நிற்கிறார்கள்.

பேச்சும் பெயரும் போன பின்பு பாட்டு மட்டும் எப்படி நிற்கிறது? 2015இல் ஜேர்மனியில் லைப்சிக் நகரத்து மாக்ஸ் பிளாங்க் நிறுவன ஆய்வாளர்கள் இதனை ஆராய்ந்தார்கள். நெடுநாட் பழகிய இசையை நினைவு வைத்திருக்கும் மூளைப் பகுதிகள் அல்ஸைமர் நோயிற் கடைசியாகவே பெரிதும் தேய்கின்றன என்பது அவர்கள் கண்டது. இன்னுமொன்று. பத்து வயதிலிருந்து முப்பது வயதுக்குள் மனதிற் பதிந்தவை மற்றவற்றிலும் ஆழமாகப் பதிகின்றன. யாழ்ப்பாணத்துப் பிள்ளைகளுக்கு அந்த வயதில் என்ன பதிந்தது? தேவாரம், திருவாசகம், திருவிசைப்பா, திருப்பல்லாண்டு, புராணம் என்று கோயிலிற் பாடும் பஞ்சபுராணம். பிறகு இலங்கை வானொலியின் சினிமாப் பாட்டு. மகனின் பெயர் தெரியாத கிழவர் தேவாரத்தைப் பிசகாமற் பாடுவதன் விளக்கம் இதுதான்.

இனி என் வீட்டுக் கதை. ஐயா உரும்பிராயிற் செம்மண் தோட்டக்காரர். புகையிலை, வெங்காயம், வாழை என்று கிணற்றையும் நிலத்தையும் நம்பி வாழ்ந்தவர். கோயிலிற் புராணம் படிப்பார். அயலில் ஆர் செத்தாலும் சுண்ணப் பாட்டுக்கு ஐயாவைத்தான் கூப்பிடுவார்கள். எங்கள் சைவர் வீட்டு மரணச் சடங்கில் உரலை வைத்துச் சுண்ணம் இடிக்கும்போது திருவாசகத்துத் திருப்பொற்சுண்ணம் பாடுவது வழக்கம் என்பது நேயர்கள் அறிந்ததே. ஐயாவின் குரல் கேட்டால் ஊருக்கு ஒரு செய்தி என்று பொருள்.

2014இல் மறதி தொடங்கியது. என்னை "மாஸ்ரர்" என்று கூப்பிடத் தொடங்கினார். நான் ஆசிரியராக இருந்தவன், ஆகவே அது முழுப்பொய்யுமில்லை. ஒருநாள், "மாஸ்ரர், நீங்கள் ஆற்றை மோன்?" என்று மரியாதையாகக் கேட்டார். ஐம்பது வருடம் "எடேய்" என்று கூப்பிட்ட வாய் 'நீங்கள்' என்றபோது எனக்கு நெஞ்சு அடைத்தது. தங்கச்சியை அவர் "அக்கா" என்றார். அவருடைய அக்கா நான் பிறக்குமுன்பே போய்விட்டவர். தங்கச்சி அதைத் திருத்தவில்லை. "ஓம் தம்பி" என்றுவிட்டுச் சோற்றைக் குழைத்துக் கொடுப்பாள்.

பொழுதுபட்டால் அவருக்கு 1995 ஒக்ரோபர் 30 வந்துவிடும். "வெளிக்கிடுங்கோ, சனமெல்லாம் போட்டுது" என்று சால்வையைத் தோளிற் போட்டுக்கொண்டு படலையைத் திறப்பார். வலிகாமமே மழைக்குள் பெயர்ந்து போன அந்த இரவை அவர் மறக்கவில்லை. நாங்கள் திரும்பி வந்ததைத்தான் மறந்துவிட்டார். "அது முடிஞ்சுபோச்சு ஐயா" என்று நான் வாதாடுவேன். தங்கச்சி வாதாடமாட்டாள். கையைப் பிடித்து ஒழுங்கை முனைவரை நடத்திப் போய்த் திரும்பிக் கூட்டிவந்து, "நாவற்குழிப் பாலம் தாண்டிட்டம் ஐயா, இனிப் படுக்கலாம்" என்பாள். படுத்துவிடுவார்.

பெரும்பாடு குளிப்பாட்டுவதுதான். தண்ணீரைக் கண்டாற் பயம்; வாளியைத் தட்டிவிடுவார், அடிக்க வருவார். ஒருநாள் கிணற்றடியிற் கதிரையில் இருத்திவிட்டுத் தங்கச்சி என்ன செய்வதென்று தெரியாமல் நிற்கையில், ஐயா தாமாகவே பொற்சுண்ணத்தைத் தொடங்கினார். அவள் பின்னால் இழுத்தாள். அந்த இருபது பாட்டில் நாலைந்து முடிவதற்குள் தலை முழுகி முடிந்துவிட்டது. அன்றுமுதல் அது வழக்கமாயிற்று. தேவாரம் பாடிப் பார்த்தோம், சினிமாப் பாட்டும் பாடிப் பார்த்தோம். அவர் இசைந்தது இதற்கு மட்டுமே.

அயலுக்கு இது பிடிக்கவில்லை. விடியக் காலையிற் சுண்ணப் பாட்டுக் கேட்டால் யார் போனது என்று மதிலால் எட்டிப் பார்ப்பார்கள். மாமி நேரே வந்து ஏசினா. "எடி பிள்ளை, உயிரோடை இருக்கிற மனிசனுக்குச் சுண்ணமே பாடுறாய்? அவரை அனுப்பிவிடப் பாக்கிறியே?"

தங்கச்சி ஒன்றும் பேசாமல் ஐயாவின் தலையைத் துவட்டினாள். அவள் இரவு அழுததை மனைவி சொல்லித்தான் அறிந்தேன்.

அன்றிரவு திருவாசகத்தை எடுத்து வைத்துக்கொண்டு ஒவ்வொரு பாட்டாகப் படித்தேன். எத்தனை வருடம் மாணவருக்குப் படிப்பித்த பகுதி! தில்லையில் மாணிக்கவாசகர் அருளியது. இறைவன் நீராடுவதற்காக மணப்பொடி இடிக்கும் பெண்கள் ஒருவரையொருவர் கூவியழைத்து, மாலை தூக்கி, அலங்கரித்து, உலக்கை போட்டுப் பாடும் பாட்டு அது. அதிற் சாவு இல்லை. கொண்டாட்டமான ஒரு குளிப்பாட்டின் பாட்டு. அதைச் சாவீட்டுக்குக் கொண்டுபோனவர்கள் நாங்கள். போகும் உயிர் இறைவனோடு சேர்கிறது என்ற கருத்தில் அப்படிச் செய்தார்கள். அது தவறென்று நான் சொல்லவில்லை. ஆனால் கிணற்றடியிலே தந்தையைக் குளிப்பாட்டிய என் தங்கச்சிதான் அந்தப் பாட்டின் சொந்தப் பொருளுக்குக் கிட்ட நின்றவள். இதை மாமிக்கு விளக்கினேன். "உன்ரை வியாக்கியானம் உன்னோடை இருக்கட்டும்" என்றுவிட்டா. ஆனால் பிறகு ஏசவில்லை.

கோண்டாவில் நேயர் கேட்ட பாட்டுக்கு எனக்குத் தெரிந்த விடை இதுதான். அவருடைய அம்மாவுக்கு எது என்பதை அம்மாவின் பதினைந்து வயதிலே தேட வேண்டும். அது தேவாரமாக இருக்கலாம், வானொலியிற் கேட்ட பழைய படப்பாட்டாக இருக்கலாம், வயலிற் பாடியதாக இருக்கலாம். கசெற்றைப் போட்டுவிட்டு அப்பாற் போகாமற் கூட இருந்து பாடுவது நல்லது. ஒரு காரியத்தை மட்டும் செய்யாதீர்கள். ஒருநாள் ஐயா ஒரு பாட்டின் முதலையும் இன்னொன்றின் முடிவையும் சேர்த்துப் பாடினார். நான் வாய் சும்மா இராமற் பிழையைத் திருத்தினேன். அவர் என்னைப் பார்த்தார், பாட்டை நிறுத்தினார். அதன்பின் பதினொரு நாட்கள் பாடவில்லை, குளிக்கவும் சம்மதிக்கவில்லை. "அண்ணை, உங்கடை பிழைதிருத்தத்தைப் பள்ளிக்கூடத்தோடை வையுங்கோ" என்றாள் தங்கச்சி. பன்னிரண்டாம் நாள் அந்தப் பிழையான பாட்டை அவளே தொடங்கினாள். ஐயா சேர்ந்துகொண்டார்.

2019 மாசியில் ஐயா போனார். பந்தலில் உரல் வைத்தார்கள். பக்கத்து ஊரிலிருந்து வந்த ஒருவர் பாட்டை எடுத்தார். அவர் சாவீட்டு முறைப்படி நிறுத்தி நீட்டிப் பாடினார். உலக்கை பிடித்திருந்த தங்கச்சிக்கு அந்த இழுப்புப் பிடிபடவில்லை. தலையில் தண்ணீர் வார்க்கும் கதியிலேயே, அந்தப் பிழையோடேயே, தன்பாட்டிற் பாடிக்கொண்டு போனாள். பாடியவர் இரண்டு தரம் திரும்பிப் பார்த்தார். பிறகு அவரும் அவளுடைய கதிக்கு வந்து சேர்ந்தார்.