செஞ்சிக் கதவைத் தகர்த்த வெடி: நார்மண்டிக் கரையிலும் அதே பெயர்!

திண்டிவனத்திலிருந்து திருவண்ணாமலைக்குப் பஸ்ஸில் போகிறவர்கள், செஞ்சி வந்ததும் ஜன்னல் பக்கம் சாய்ந்து மலையைப் பார்க்காமல் இருப்பதில்லை. ராட்சதன் ஒருவன் பாறைகளை அள்ளிக் கொட்டியது போல மூன்று மலைகள்! ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திராயன் துர்க்கம். மூன்றையும் சேர்த்து வளைத்த மதில் மைல் கணக்கில் ஓடுகிறது. ராஜகிரியின் உயரம் சுமார் 800 அடி. அதன் உச்சிக்குப் போகும் வழியில் பாறை இரண்டாகப் பிளந்து கிடக்கிறது. பிளவின் மேல் ஒரு பாலம். அந்தக் காலத்தில் அது மரப்பாலம். பலகையை எடுத்துவிட்டால் பத்துப் பேர் மேலே நின்று பெரிய சைன்யத்தையே தடுத்துவிடலாம் என்பார்கள்.

அவுரங்கசீப்பின் படைக்கு இந்தக் கோட்டையைப் பிடிக்க ஏழு வருஷத்துக்கு மேல் ஆயிற்று. 1690-ல் வந்து முகாமிட்ட தளபதி சுல்பிகர்கான் 1698-ல்தான் உள்ளே நுழைந்தார். அதற்குள் மராட்டிய மன்னர் ராஜாராம் தப்பிப் போய்விட்டார்.

அதே கோட்டையை 1750-ல் பிரெஞ்சுக்காரர் ஒரே இரவில் பிடித்தார்கள்!

எப்படி?

கதவில் வைத்த வெடி

அந்த வருஷம் செப்டம்பர் 11-ந் தேதி. ஆர்க்காட்டு நவாப் பட்டத்துக்குப் போட்டி நடந்துகொண்டிருந்த காலம். பிரெஞ்சுக்காரர் சந்தா சாகிப் பக்கம். ஆங்கிலேயர் முகமது அலி பக்கம். திருவதிகையில் தோற்று ஓடிய முகமது அலியின் படை செஞ்சி மதில் ஓரம் கூடாரம் போட்டிருந்தது. புதுச்சேரி கவர்னர் டூப்ளே, புஸ்ஸி என்ற தளபதியை அனுப்பினார். புஸ்ஸியுடன் வந்த வெள்ளைக்காரச் சிப்பாய்கள் 250 பேர். நம் நாட்டுச் சிப்பாய்கள் 1,200 பேர். பீரங்கிகள் நான்கு. பின்னால் இன்னொரு படை வந்துகொண்டிருந்தது.

வெட்டவெளியில் நடந்த சண்டையில் முகமது அலியின் ஆட்கள் நிலைகுலைந்து கோட்டைக்குள் ஓடினார்கள். கதவு சாத்தப்பட்டது. புஸ்ஸியிடம் மதிலை இடிக்கும் பெரிய பீரங்கி கிடையாது. ஆனால் 'பெட்டார்டு' இருந்தது.

பெட்டார்டு என்றால் என்ன? மணியைப் போல வாய் அகன்ற ஒரு உலோகப் பாத்திரம். அதில் வெடிமருந்தைத் திணித்துப் பலகையில் பொருத்துவார்கள். யாராவது ஒருவன் அதைத் தூக்கிக்கொண்டு கதவு வரை ஓடவேண்டும். கதவில் மாட்டவேண்டும். திரியில் நெருப்பு வைக்கவேண்டும். பிறகு திரும்பி ஓடவேண்டும். மேலே இருப்பவர்கள் சும்மா பார்த்துக்கொண்டிருப்பார்களா? சுடுவார்கள், கல்லை உருட்டுவார்கள். பெட்டார்டுக்காரன் வேலை அப்படிப்பட்ட வேலை.

கதவு பிளந்தது. பிரெஞ்சுப் படை ஊருக்குள் புகுந்தது. மூன்று மலைகளிலிருந்தும் குண்டு மழை. நிலா மறையும் வரை தெருக்களில் ஒண்டிக்கொண்டிருந்தார்கள். இருட்டியதும் மூன்று பிரிவாகப் பிரிந்து மூன்று மலைகளிலும் ஒரே சமயத்தில் ஏறினார்கள். கதவுக்குக் கதவு பெட்டார்டு. பொழுது விடிவதற்குள் மூன்று மலைகளும் அவர்கள் கையில்! காலையில் வெளிச்சத்தில் அந்தப் பாறைகளைப் பார்த்த பிறகு, 'இதையா நாம் ஏறினோம்?' என்று அவர்களே திகைத்துப் போனார்களாம்.

194 வருஷம் கழித்து

இப்போது ஐரோப்பாவுக்குப் போவோம். பெட்டார்டு என்ற பெயரை விட்டுவிடாமல் கையில் பிடித்துக்கொள்ளுங்கள்.

1942 ஆகஸ்ட் 19. பிரான்ஸின் தியப் துறைமுகத்தில் நேசப்படைகள் இறங்கின. சுமார் 6,000 பேர், பெரும்பாலோர் கனடாக்காரர். உடன் வந்த சர்ச்சில் டாங்கிகள் பல கூழாங்கல் கரையில் சிக்கின. வழியை அடைத்த கான்க்ரீட் தடைகளை உடைக்க வெடியோடு ஓடிய எஞ்சினீயர் வீரர்களை ஜெர்மானியர் சுட்டுத் தள்ளினார்கள். கனடாக்காரர் மட்டும் 900-க்கு மேல் மாண்டனர்.

'வெடியைச் சுமந்து கொண்டு மனிதன் ஏன் ஓடவேண்டும்? டாங்கிக்குள் உட்கார்ந்து எறியலாமே!' என்ற யோசனை அப்போதுதான் பிறந்தது. சர்ச்சில் டாங்கியின் பீரங்கியைக் கழற்றிவிட்டு, குட்டையான ஒரு வெடி எறியும் கருவியைப் பொருத்தினார்கள். அது எறிந்த குண்டின் எடை 40 ராத்தல். வீரர்கள் அதற்கு வைத்த பட்டப்பெயர் 'பறக்கும் குப்பைத் தொட்டி'. ராணுவம் கருவிக்கு வைத்த பெயர்? பெட்டார்டு!

இதில் ஒரு வேடிக்கை. குண்டு போய் விழும் தூரம் சுமார் 80 கஜம்தான். ஒருமுறை சுட்ட பின் அடுத்த குண்டைப் போட ஒருவன் டாங்கியின் மேல் துவாரத்தைத் திறந்து கையை வெளியே நீட்டவேண்டும். இரண்டு நூற்றாண்டு போன பின்பும் கை வெளியேதான்!

இந்த விசித்திர டாங்கிகளுக்கெல்லாம் தலைவர் ஜெனரல் ஹோபார்ட். அவர் பிறந்தது நம் நாட்டு நைனிடாலில், 1885-ல். வங்காள சாப்பர் படையில் வேலை பார்த்தவர். மேலதிகாரிகளோடு ஒத்துப்போகாமல் ஓய்வுக்கு அனுப்பப்பட்டு, ஊர்க்காவல் படையில் சாதாரணக் கார்ப்பொரலாக நின்றவரைப் பிரதமர் சர்ச்சில் திரும்ப அழைத்துவந்தார்.

'அப்படி நடந்திருந்தால்...'

1944 ஜூன் 6. நார்மண்டிக் கரையில் மாபெரும் படையிறக்கம். ஆங்கிலேயரும் கனடாக்காரரும் ஹோபார்ட்டின் டாங்கிகளோடு இறங்கினார்கள். அமெரிக்கரோ நீந்தும் டாங்கியை மட்டும் வாங்கிக்கொண்டு, பெட்டார்டு டாங்கியை வேண்டாம் என்று விட்டார்கள். 'ஒமாஹா' என்று பெயரிட்ட கரையில் ஒரு பட்டாளம் கடலில் இறக்கிய 29 நீந்தும் டாங்கிகளில் 27 மூழ்கிப் போயின. அன்று ஒமாஹாவில் விழுந்தவர்கள், மாண்டவரும் காயம்பட்டவருமாக, 2,000-க்கு மேல் என்பது வழக்கமான கணக்கு.

'அமெரிக்கர் பெட்டார்டு டாங்கிகளை ஏற்றிருந்தால்?' இந்தக் கேள்வியை வைத்துக்கொண்டு மேல்நாட்டில் எத்தனையோ பேர் இன்றும் மல்லுக்கட்டுகிறார்கள். ஷெர்மனுக்குப் பதில் கனமான பெர்ஷிங் டாங்கி முன்பே வந்திருந்தால் என்று இன்னொரு கட்சி. எனக்கென்னவோ இதில் பாதி ஆசைக் கணக்கு என்றே படுகிறது. அமெரிக்கரிடம் சர்ச்சில் டாங்கியே கிடையாது. வேறு எஞ்சின், வேறு உதிரிபாகம், வேறு பயிற்சி. ஷெர்மனை அவர்கள் சுமார் 49,000 செய்து குவித்தார்கள். ஜெர்மானியர் செய்த டைகர் முதல் வகை 1,350-ஐ ஒட்டித்தான். டைகர் பலசாலிதான். ஆனால் கப்பலில் ஏறிக் கடல் கடந்து, பாலம் தாண்டிப் போய் நிற்கவேண்டிய வண்டி ஷெர்மன்.

அது போகட்டும். பெட்டார்டு டாங்கி இல்லாத அந்தக் கரையில் முள்கம்பியைத் தகர்த்தது எது தெரியுமா? 'பெங்களூர் டார்ப்பிடோ'! 1912-ல் பெங்களூரில், சென்னை சாப்பர் படையைச் சேர்ந்த காப்டன் மக்ளின்டாக் கண்டுபிடித்த கருவி. குழாய்க்குள் வெடிமருந்து, குழாயோடு குழாயைச் சேர்த்துக் கம்பிக்கு அடியில் தள்ளி வெடிப்பது. தமிழ்ப் பையன்கள் நிறைந்து, இன்றும் 'தம்பி' என்ற பெயரால் அழைக்கப்படும் அதே படைதான் அது. ஒமாஹா மணலில் குப்புறப் படுத்து அமெரிக்கச் சிப்பாய் கையால் தள்ளிய குழாய், செஞ்சிக் கதவில் தொங்கிய பாத்திரத்துக்கு ஒருவகையில் பேரன் முறை.

கதவு திறந்த பிறகு?

செஞ்சிக்காரர்களுக்கு 'அப்படி நடந்திருந்தால்' விளையாட்டு புதிதல்ல. 1714-ல் விரல்விட்டு எண்ணக்கூடிய குதிரை வீரர்களோடு நவாப் சாதத்துல்லாகானின் பெரும்படையில் பாய்ந்து மாண்ட தேசிங்கு ராஜனின் கதையைக் கேட்டுவிட்டு, 'இன்னும் கொஞ்சம் பொறுத்திருந்தால்...' என்று பெருமூச்சு விட்டவர்கள் எத்தனை பேர்!

1750-ஐப் பற்றியும் அப்படிக் கேட்கலாம். அன்றிரவு ராஜகிரியின் மரப்பலகையை இழுத்துக்கொண்டு பத்துப் பேர் நின்றிருந்தால்? சாதாரணமாக வரும் பதில், பிரெஞ்சுக்காரர் அன்றே ஒழிந்திருப்பார்கள் என்பது. எனக்கு வேறுவிதமாகத் தோன்றுகிறது. புஸ்ஸி தோற்றிருந்தால் ஆங்கிலேயரும் அவ்வளவு சீக்கிரம் விழித்திருக்க மாட்டார்கள்!

எப்படியென்று பாருங்கள். செஞ்சி விழுந்த சேதி கேட்டு நிஜாம் நாசர் ஜங் பெரும்படையோடு வந்து செஞ்சிக்குப் பக்கத்தில் முகாமிட்டார். மழை பிடித்துக்கொண்டது. சொந்த ஆட்களே சதி செய்தார்கள். டிசம்பர் 16-ந் தேதி செஞ்சியிலிருந்து பிரெஞ்சுப் படை பாய்ந்தபோது, கூட வந்த பட்டாணிய நவாபே நிஜாமைச் சுட்டுக் கொன்றார். புதிய நிஜாம் முசாபர் ஜங், கிருஷ்ணா நதிக்குத் தெற்கே டூப்ளேயைத் தம் பிரதிநிதி ஆக்கினார். இந்த ஏற்றத்தைப் பார்த்துத்தான் சென்னப்பட்டணத்து ஆங்கிலேயர் பயந்தார்கள். பயந்துதான் 1751-ல் கிளைவை ஆர்க்காட்டுக்கு அனுப்பினார்கள்.

டூப்ளே அப்போது செய்த காரியம் இன்னும் பெரிது. முகமது அலி திருச்சியில் ஒளிந்திருந்தார். அவரைப் பிடித்தால் போட்டியே முடிந்தது. அந்த வேளையில், 1751 ஜனவரியில், தம்மிடமிருந்த ஒரே சூரனான புஸ்ஸியை நிஜாமோடு தக்காணத்துக்கு அனுப்பிவிட்டார்! புஸ்ஸி ஹைதராபாத்துக்குப் போகாமல் திருச்சிக்குப் போயிருந்தால்? டாங்கிகளைப் பற்றிய கேள்விகளையெல்லாம் விட எனக்கு இந்தக் கேள்விதான் உறைக்கிறது. 1752-ல் ஸ்ரீரங்கத்தில் பிரெஞ்சுப் படை சரணடைந்தது. சந்தா சாகிப் கொல்லப்பட்டார்.

ஐரோப்பாவிலும் இதே கதை. 1944 ஆகஸ்ட் கடைசியில் பாட்டனின் டாங்கிகள் எதிரியால் அல்ல, பெட்ரோல் இல்லாமல் நின்றன. செப்டம்பர் 4-ந் தேதி ஆன்ட்வெர்ப் துறைமுகம் கைக்கு வந்தது. ஆனால் கடலிலிருந்து அதற்கு வரும் நீர்வழியின் கரைகளை ஜெர்மானியர் பிடித்துக்கொண்டிருந்தார்கள். அதை முதலில் தீர்க்காமல் மாண்ட்கோமரி ஹாலந்துப் பாலங்களின் மேல் பாய்ந்தார். முதல் கப்பல் கூட்டம் ஆன்ட்வெர்ப்புக்குள் வர நவம்பர் 28 ஆயிற்று.

ஜுரம்

செஞ்சியை ஆங்கிலேயர் உடனே திருப்பிப் பிடிக்க முயலாமல் இல்லை. 1752-ல் சீமையிலிருந்து புதிதாக வந்த மேஜர் கின்னீரை அனுப்பினார்கள். போகவேண்டாம் என்று அனுபவசாலியான லாரன்ஸ் சொன்னார், கேட்கவில்லை. மலையைப் பார்த்ததும் கின்னீர் திரும்பினார். வழியில் விக்கிரவாண்டியில் பிரெஞ்சுக்காரரிடம் அடி வாங்கினார்.

உள்ளே இருந்தவர்களும் சுகமாக இல்லை. காரணம், ஜுரம். இங்கே எந்தச் சமயத்திலும் நூறு வெள்ளைக்காரருக்கு மேல் வைக்காத பிரெஞ்சுக்காரர், பத்து வருஷத்தில் 1,200 ஐரோப்பியச் சிப்பாய்களைச் சாகக் கொடுத்தார்கள் என்று அந்நாளைய ஆங்கிலக் குறிப்பு சொல்கிறது. 1,200 பேர்! கதவை உடைத்த அன்று விழுந்தவர்கள் சொற்பம். காவலுக்கு இருந்த நம் சிப்பாய்களில் எத்தனை பேர் மாண்டார்கள் என்பதை யாரும் எண்ணி வைக்கவில்லை. பெட்டார்டைத் தூக்கிக்கொண்டு ஓடியவன் பெயரும் எந்தப் புத்தகத்திலும் இல்லை.

1760 ஜனவரி 22-ல் வந்தவாசியில் லாலியின் படை தோற்றது, புஸ்ஸி கைதியானார். 1761 ஜனவரியில் புதுச்சேரி விழுந்தது. டூப்ளேயின் துபாஷியாக இருந்து எல்லாவற்றையும் டயரியில் எழுதி வைத்த ஆனந்தரங்கப் பிள்ளை, அதற்குச் சில நாள் முன்னால்தான் கண்ணை மூடினார்.

செஞ்சி மட்டும் நின்றது. ஆங்கிலக் காப்டன் ஸ்டீபன் ஸ்மித் வந்து சரணடையச் சொன்னபோது, பிரெஞ்சுப் பக்கத்துத் தளபதி மக்கிரெகர், 'லட்சம் பேரோடு வந்தாலும் மூன்று வருஷத்தில் இந்த மலைகளைப் பிடிக்க முடியாது' என்றாராம். 1761 ஏப்ரல் 5-ல் அவரே இறங்கி வந்து கோட்டையை ஒப்படைத்தார்.

புதுச்சேரிக் கடற்கரைக்குப் போனால் காந்தி சிலையைச் சுற்றி உயரமான கருங்கல் தூண்கள் நிற்பதைப் பார்க்கலாம். அவை செஞ்சி வெங்கடரமண சுவாமி கோயிலிலிருந்து பிரெஞ்சுக்காரர் கொண்டு போனவை என்கிறார்கள். அதே இடத்தில் முன்பு டூப்ளேயின் சிலை இருந்தது. சாயங்காலத்தில் அந்தத் தூண்களில் சாய்ந்துகொண்டு சுண்டல் சாப்பிடுகிறவர்களுக்குப் பின்னால், அடிப்பாகச் சிற்பங்கள் உப்புக் காற்றில் தேய்ந்துகொண்டிருக்கின்றன.