கண்ணாகப் போகும் குட்டி

தோல் பதனிடும் ஊர்களான ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு பக்கம் நாய்க்குட்டி வளர்ப்பவர்களுக்கு ஒரு கவலை கூடுதல்: தெருவில் கிடக்கும் தோல் துண்டு. நான்கு மாத வாக்கில் பால் பற்கள் விழுந்து நிலைப்பற்கள் முளைக்கும்போது ஈறு நமநமக்கும்; குட்டி எதையாவது கடித்தே தீரும். குரோம் உப்பில் பதனிட்ட தோல் வயிற்றில் செரிக்காது, குடலை அடைத்துவிடக்கூடும். பதறிப்போய் வாய்க்குள் விரலை விட்டுப் பிடுங்கினால், குட்டி இன்னும் வேகமாக விழுங்கப் பார்க்கும். விவரம் தெரிந்தவர்கள் வேகவைத்த ஈரலை மூக்கருகே காட்டி, "விடு" என்று ஒரே ஒரு முறை சொல்வார்கள். தோல் கீழே விழுந்த கணமே ஈரல் வாய்க்குப் போய்விடும். ஐந்தாறு நொடி தாமதித்தாலும் பரிசு எதற்குக் கிடைத்தது என்பது குட்டிக்கு விளங்காது.

சொன்னதும் விடுவது செல்ல நாய்க்கு நல்ல பழக்கம். பார்வையற்ற ஒருவரை நாளை சாலையில் அழைத்துச் செல்லப் போகும் நாய்க்கோ இது அடிப்படைப் பாடம். தரையில் கிடப்பதைப் பொறுக்கக் குனியும் நாயை நம்பி நடப்பவர் தடுக்கி விழுவார். அது எதைத் தின்றது என்றும் அவரால் பார்க்க முடியாது.

வழிகாட்டி நாய்களுக்கான முதல் பள்ளி 1916-ல் ஜெர்மனியின் ஓல்டன்பர்க்கில், முதல் உலகப்போரில் பார்வை இழந்த வீரர்களுக்காகத் தொடங்கியது. அமெரிக்காவின் 'தி சீயிங் ஐ' 1929-ல் பிறந்தது. குட்டிகள் குடும்பங்களுக்குள் வளர வேண்டும் என்று அந்த நிறுவனம் 1942-ல் அவற்றைப் பண்ணை வீட்டுப் பிள்ளைகளிடம் ஒப்படைக்கத் தொடங்கியது. பிரிட்டன் 1956-ல் இதே வழிக்கு வந்தது. இன்று உலகெங்கும் பெரும்பாலும் இதுதான் நடைமுறை: ஏறத்தாழ எட்டு வாரத்தில் குட்டி ஒரு குடும்பத்துக்கு வரும், ஒன்று அல்லது ஒன்றரை வயதில் பயிற்சிப் பள்ளிக்குப் போகும்.

வீடு ஏன் அவ்வளவு முக்கியம்? அமெரிக்காவின் பார் ஹார்பரில் உள்ள ஆய்வுக்கூடத்தில் ஜான் பால் ஸ்காட், ஜான் ஃபுல்லர் இருவரும் பல ஆண்டுகள் நாய்க்குட்டிகளை ஆராய்ந்து 1965-ல் நூலாக வெளியிட்டார்கள். பிறந்த மூன்றாவது வாரத்திலிருந்து பன்னிரண்டாவது வாரம் வரை குட்டியின் மனம் புதியவற்றை எளிதில் ஏற்கும் என்று அவர்கள் கண்டார்கள். அதே ஆய்வுக்கூடத்தில் 14 வாரம் வரை மனிதப் பழக்கமே இல்லாமல் வளர்ந்த குட்டிகள், பிறகு மனிதரைக் கண்டு காட்டு விலங்குகளைப் போல மிரண்டன.

இந்தப் பருவத்துக்கு வேண்டியதெல்லாம் நம் ஊர்களில் இருக்கிறது: ஷூ கம்பெனியின் சங்கு, வேலை முடிந்து கூட்டமாக வெளியேறும் பெண்கள், பாங்கு, கோயில் மேளம், காட்பாடி சந்திப்பில் நுழையும் ரயில். எல்லாவற்றையும் தொலைவிலிருந்தே தொடங்க வேண்டும். பசியோ தூக்கமோ இல்லாதபோது குட்டி அடிக்கடி கொட்டாவி விட்டாலோ, உதட்டை நக்கினாலோ, வாலை இடுக்கினாலோ அது பயம். உடனே பின்வாங்கி, அமைதியானதும் தீனி கொடுக்க வேண்டும். பார்வோ, டிஸ்டெம்பர் தடுப்பூசிகள் முடிவதற்குள் இந்தப் பருவம் கடந்துவிடும் என்பதுதான் சிக்கல். அதனால் தெருநாய்கள் நடமாடும் இடத்தில் குட்டியைத் தரையில் விடாமல், கையில் தூக்கியபடியே ஊரைக் காட்டுகிறார்கள். மூன்று மாதத்தில் வெறிநாய்க்கடித் தடுப்பூசி கட்டாயம். நடக்கத் தொடங்கியபின் வெயிலையும் பார்க்க வேண்டும். தார்ச்சாலையில் புறங்கையை ஏழு நொடி வைக்க முடியாவிட்டால் அன்றைய நடை மாலைக்குத் தள்ளிப்போகட்டும்.

குட்டிக்கு எல்லாவற்றையும் எளிதாக்கித் தருவதும் சரியல்ல. ஆய்வாளர் எமிலி பிரே குழுவினர் 'தி சீயிங் ஐ'யில் பிறந்த 98 குட்டிகளைத் தொடர்ந்து கவனித்து 2017-ல் முடிவை வெளியிட்டார்கள். தாய் ஓயாமல் அணைத்து நக்கிக்கொண்டே இருந்த குட்டிகள் வழிகாட்டி நாயாகத் தேறுவது குறைவாக இருந்தது. தாய் நின்றபடியோ உட்கார்ந்தபடியோ பாலூட்ட, எம்பிக் குடிக்க வேண்டியிருந்த குட்டிகள் அதிகம் தேறின. சிறு சிரமங்களைத் தானே சமாளிக்கப் பழகுவது குட்டிக்கு நல்லது என்பதே இதில் வளர்ப்பவர்களுக்கான பாடம்.

பிறவிக்கும் பங்கு உண்டு. பிரே குழு 375 குட்டிகளை எட்டு வார வயதில் சோதித்து 2021-ல் வெளியிட்ட ஆய்வில், மனிதர் விரல் நீட்டிய திசையைப் புரிந்துகொள்ளும் திறனில் குட்டிக்குக் குட்டி தெரிந்த வேறுபாட்டில் 40 சதவீதத்துக்கு மேல் மரபணுவால் வந்தது என்று தெரிந்தது. நம் தெருநாய்களுக்கும் இந்தத் திறன் இருக்கிறது. கொல்கத்தாவின் ஐசர் ஆய்வு நிறுவனத்தில் அனிந்திதா பத்ரா குழு 2020-ல் வெளியிட்ட ஆய்வில், துணிந்து அருகே வந்த தெருநாய்களில் சுமார் 80 சதவீதம், எந்தப் பயிற்சியும் இல்லாமலே விரல் காட்டிய கிண்ணத்துக்குப் போயின. சோதித்தவற்றில் பாதி நாய்களோ பயத்தால் நெருங்கவே இல்லை. அறிவு இருந்தும் தடுத்தது பயம். குட்டிப் பருவத்தில் அன்பான வீடு கிடைத்திருந்தால் அந்தப் பயம் பெரிதும் குறைந்திருக்கலாம். பழக்கினால் நம் நாட்டு இனங்களும் கற்கும்: சிப்பிப்பாறை நாயைக்கூட இந்திய ராணுவம் கொரோனாவை மோப்பம் பிடிக்கப் பழக்கி 2021-ல் காட்டியது.

வழிகாட்டி நாய் போன்ற உதவி நாய் இந்தியாவில் இன்னும் பரவலாக வேரூன்றவில்லை. ஆனால் அதற்குப் பொருத்தமான ஊர்களில் வேலூர் முன்னால் நிற்கிறது. 1954-ல் விபத்தில் கால்கள் செயலிழந்த டாக்டர் மேரி வர்கீஸ், சக்கர நாற்காலியில் அமர்ந்தே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்தது இங்கேதான். கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் (சிஎம்சி) மறுவாழ்வு மையம் 1966-ல் பாகாயத்தில் எழுந்தது. கண் மருத்துவத்துக்கு ஷெல் மருத்துவமனை இருக்கிறது. வழிகாட்டி நாய் அணியும் தோல் சேணத்தைத் தைக்கத் தேர்ந்த கைகளும் இந்தப் பாலாற்றங்கரையில் ஏராளம்.

பயிற்சிக்குப் போகும் குட்டிகளில் எல்லாமே தேறுவதில்லை. பல நிறுவனங்களில் ஏறத்தாழ பாதிதான் வேலைக்குச் செல்கின்றன. மீதி நல்ல வீட்டு நாய்களாக வாழும். தேறியதோ, ஒருவர் தனியாகக் கடைக்கும் கல்லூரிக்கும் அலுவலகத்துக்கும் போக வழி செய்யும். ஏறத்தாழ ஓராண்டு மடியில் வளர்ந்ததைப் பிரிவது குடும்பத்துக்கு வலிக்கும். அந்த வலிக்கு அர்த்தம் இருக்க வேண்டுமானால் ஊரும் தன் பங்கைச் செய்ய வேண்டும். சேணம் மாட்டிய நாயைக் கண்டால் கொஞ்சாதீர்கள், கூப்பிடாதீர்கள், பிஸ்கட் நீட்டாதீர்கள். அது வேலையில் இருக்கிறது. ஓட்டல்காரரும் பேருந்து நடத்துநரும் கடை முதலாளியும் அதை வாசலில் தடுக்காமல், அழைத்து வருபவரோடு உள்ளே வர விடட்டும்.