ஓட்டத் தெரிந்தால் போதுமா? சுடத் தெரிந்தால் போதுமா?

ஒரு வீட்டில் புது மோட்டார் சைக்கிள் வாங்குகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். வண்டிக்கு மாலை போடுகிறார்கள். பொட்டு வைக்கிறார்கள். சக்கரத்தின் கீழ் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்குகிறார்கள். மகனுக்கு வயது 19. நண்பனின் வண்டியில் இரண்டு நாள் மாலையில் ஓட்டிப் பழகியிருக்கிறான். "எனக்கு ஓட்டத் தெரியும் அப்பா" என்கிறான். அப்பாவும் சாவியைக் கொடுத்துவிடுகிறார்.

இப்போது இன்னொரு வீட்டைப் பார்ப்போம். அது வட இந்தியாவில் ஒரு கிராமம். கல்யாண ஊர்வலம் வருகிறது. மேளம் முழங்குகிறது. மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர் ஒருவரிடம் உரிமம் பெற்ற துப்பாக்கி இருக்கிறது. மகிழ்ச்சியில் அதை வானத்தை நோக்கிச் சுடுகிறார். யாரோ தடுக்கிறார்கள். "எத்தனை வருஷமாகச் சுடுகிறேன்! எனக்குத் தெரியாதா?" என்கிறார் அவர்.

இருவர் சொல்வதும் பொய் அல்ல. மகனுக்கு வண்டியைக் கிளப்பத் தெரியும். பெரியவருக்குச் சுடத் தெரியும். ஆனால் ஒன்றை இயக்கத் தெரிவது வேறு. அதனால் யாருக்கும் தீங்கு வராமல் காக்கத் தெரிவது வேறு. முதலாவது இரண்டு நாளில் வந்துவிடும். இரண்டாவது பயிற்சியால்தான் வரும்.

மோட்டார் சைக்கிளும் துப்பாக்கியும் வேறு வேறு பொருள்கள். ஆனாலும் ஒரு விஷயத்தில் இரண்டும் ஒன்று. ஒரு நொடி தவறினால் ஓர் உயிர் போய்விடும். அந்த உயிர் தவறு செய்தவருடையதாக இல்லாமலும் போகலாம். பின்னால் உட்கார்ந்திருக்கும் மனைவியாக இருக்கலாம். சாலை ஓரம் நடந்து போகும் பாட்டியாக இருக்கலாம். மாடியில் நின்று ஊர்வலம் பார்க்கும் குழந்தையாக இருக்கலாம்.

நிறுத்தத் தெரிய வேண்டும்

2022ஆம் ஆண்டில் இந்தியச் சாலைகளில் நடந்த விபத்துகளில் 1,68,491 பேர் இறந்தார்கள். அவர்களில் 100க்கு 44 பேருக்கும் மேல் இரு சக்கர வண்டியில் சென்றவர்கள். அந்த ஓர் ஆண்டில் தலைக்கவசம் அணியாமல் சென்று இறந்தவர்கள் மட்டும் சுமார் 50,000 பேர். அவர்களில் 14,000 பேருக்கும் மேல் வண்டி ஓட்டியவர்கள் அல்லர். பின்னால் உட்கார்ந்து சென்றவர்கள்.

வண்டி ஓட்டக் கற்பவர்கள் பெரும்பாலும் கிளட்ச், கியர், ஆக்ஸிலேட்டர் இவற்றைத்தான் கற்கிறார்கள். வண்டி நகர்ந்ததும் கற்றுவிட்டோம் என்று நினைக்கிறார்கள். ஆனால் உயிரைக் காப்பது பிரேக். அதைத்தான் பலரும் பழகுவதில்லை.

ஒரு கணக்குப் பார்ப்போம். வண்டி 40 கிலோ மீட்டர் வேகத்தில் போகிறது. ஒரு நொடியில் அது 11 மீட்டர் தூரம் ஓடிவிடும். திடீரென்று ஒரு மாடு குறுக்கே வருகிறது. அதைக் கண் பார்க்க வேண்டும். மூளை அறிய வேண்டும். கை பிரேக்கைப் பிடிக்க வேண்டும். இதற்கே சுமார் ஒரு நொடி ஆகும். அதாவது பிரேக் பிடிக்கும் முன்பே வண்டி 11 மீட்டர் போய்விடும். 60 கிலோ மீட்டர் வேகம் என்றால் அந்த ஒரு நொடியில் சுமார் 17 மீட்டர் போய்விடும்.

பிரேக் பிடித்த பிறகும் வண்டி உடனே நிற்காது. வேகம் இரண்டு மடங்கு ஆனால், பிரேக் பிடித்த பின் ஓடும் தூரம் நான்கு மடங்கு ஆகும். மழை பெய்த சாலையில் இன்னும் கூடும். இதை அறிந்தவர் முன்னால் போகும் லாரியை ஒட்டிக்கொண்டு போகமாட்டார்.

இன்னொரு விஷயம். "முன் பிரேக் பிடித்தால் குப்புற விழுந்துவிடுவாய்" என்று பலர் சொல்லிக்கொடுக்கிறார்கள். அதனால் பின் பிரேக்கை மட்டும் மிதிக்கிறார்கள். இது தவறான பழக்கம். பிரேக் பிடிக்கும்போது வண்டியின் பாரம் முன் சக்கரத்தின் மேல் சாய்கிறது. பின் சக்கரம் லேசாகிவிடுகிறது. லேசான சக்கரம் சாலையில் நன்றாகப் பிடிக்காது. பின் பிரேக்கை மட்டும் ஓங்கி மிதித்தால் சக்கரம் சுழலாமல் வழுக்கும். வண்டி சாயும்.

ஆகவே இரண்டு பிரேக்கையும் சேர்த்துப் பிடிக்க வேண்டும். முன் பிரேக்கை வெடுக்கென்று பிடிக்கக்கூடாது. மெதுவாகத் தொடங்கி இறுக்க வேண்டும். மணல் கிடக்கும் இடத்திலும் வளைவிலும் முன்கூட்டியே வேகத்தைக் குறைக்க வேண்டும். இதைக் கேட்டால் மட்டும் வராது. காலி மைதானத்தில் ஒரு கோடு கிழித்து, அந்தக் கோட்டுக்குள் நிறுத்திப் பழக வேண்டும். முதலில் குறைந்த வேகத்தில் செய்ய வேண்டும். பிறகு கொஞ்சம் கொஞ்சமாக வேகத்தைக் கூட்ட வேண்டும். கைக்கும் காலுக்கும் பழக்கமானால்தான் மாடு குறுக்கே வரும் நொடியில் அது உதவும்.

சட்டம் சொல்லும் படிகள்

கியர் வைத்த மோட்டார் சைக்கிள் ஓட்ட 18 வயது நிறைந்திருக்க வேண்டும். முதலில் பழகுநர் உரிமம் எடுக்க வேண்டும். இதை எல்.எல்.ஆர். என்பார்கள். இது 6 மாதம் செல்லும். வண்டியின் முன்னும் பின்னும் வெள்ளைப் பலகையில் சிவப்பு நிறத்தில் 'எல்' என்ற ஆங்கில எழுத்து இருக்க வேண்டும். கற்றுக்கொடுப்பவரைத் தவிர வேறு எவரையும் பின்னால் ஏற்றக்கூடாது. 30 நாள் கழிந்த பிறகுதான் ஓட்டிக் காட்டும் தேர்வுக்குப் போகலாம்.

இந்த 30 நாள் எதற்கு? பழகுவதற்குத்தான். பலர் இந்த நாட்களைச் சும்மா கழித்துவிட்டு, கடைசி நாளில் எட்டுப் போட மட்டும் பழகிக்கொண்டு போகிறார்கள். எட்டுப் போட்டால் உரிமம் கிடைக்கலாம். ஆனால் சாலையில் யாரும் எட்டுப் போடுவதில்லை. அங்கே லாரி வருகிறது. ஆடு வருகிறது. பள்ளிக்கூடப் பிள்ளைகள் ஓடி வருகிறார்கள்.

18 வயது நிறையாத பிள்ளைக்குச் சாவியைக் கொடுக்கும் பெற்றோரும் குற்றவாளி ஆகலாம். 2019இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டம் அப்படிச் சொல்கிறது. பிள்ளை சட்டத்தை மீறிக் குற்றம் செய்தால் பெற்றோருக்கோ வண்டியின் சொந்தக்காரருக்கோ 3 ஆண்டு வரை சிறைத் தண்டனையும் 25,000 ரூபாய் அபராதமும் உண்டு. வண்டியின் பதிவும் 12 மாதத்துக்கு ரத்தாகும்.

தலைக்கவசமும் சேலைத் தலைப்பும்

ஓட்டுபவரும் பின்னால் இருப்பவரும் தலைக்கவசம் அணிய வேண்டும். 4 வயதுக்கு மேற்பட்ட எல்லோருக்கும் இது சட்டம். தலைப்பாகை அணிந்த சீக்கியருக்கு மட்டும் விலக்கு உண்டு. பல நாடுகளில் நடந்த ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்திருக்கிறார்கள். மோட்டார் சைக்கிள் விபத்தில் தலையில் அடிபடும் ஆபத்தைத் தலைக்கவசம் சுமார் 69 சதவிகிதம் குறைக்கிறது. இறக்கும் ஆபத்தைச் சுமார் 42 சதவிகிதம் குறைக்கிறது.

ஆனால் அதையும் அணியத் தெரிய வேண்டும். ஐ.எஸ்.ஐ. முத்திரை உள்ளதை வாங்க வேண்டும். தலையில் ஆடாமல் பொருந்த வேண்டும். தாடைக்குக் கீழே வாரை மாட்ட வேண்டும். வார் மாட்டாத கவசம், விழும்போது தலைக்கு முன்பே பறந்துவிடும். ஒருமுறை பலமாக அடிபட்ட கவசத்தை மீண்டும் அணியக்கூடாது. வெளியே நன்றாகத் தெரிந்தாலும் உள்ளே நொறுங்கியிருக்கலாம்.

பின்னால் உட்காரும் பெண்களின் சேலைத் தலைப்பும் துப்பட்டாவும் சக்கரத்தில் சிக்குவது உண்டு. கழுத்தை இறுக்கிவிடும். அல்லது ஆளைக் கீழே இழுத்துத் தள்ளிவிடும். இதனால்தான் பின் சக்கரத்தின் பக்கவாட்டில் தடுப்பு இருக்க வேண்டும் என்பது விதி. அழகுக்காக அதைக் கழற்றிப் போடக்கூடாது. வண்டியைக் கிளப்பும் முன் "தலைப்பை இழுத்துச் சொருகிக்கொள்" என்று சொல்வதும் ஓட்டுபவரின் வேலைதான்.

மேலே போன குண்டு எங்கே போகும்?

இனித் துப்பாக்கிக்கு வருவோம். நம் நாட்டில் உரிமம் இல்லாமல் துப்பாக்கி வைத்திருப்பது குற்றம். 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம் இதைச் சொல்கிறது. 21 வயது நிறைந்தவர்தான் உரிமம் கேட்கலாம். தற்காப்புக்காகச் சிலர் வாங்குகிறார்கள். பயிரைக் காக்கச் சிலர் வாங்குகிறார்கள். விளையாட்டுப் போட்டிக்காகச் சிலர் வாங்குகிறார்கள்.

முன்பெல்லாம் உரிமம் கிடைத்தால் போதும் என்ற நிலை இருந்தது. 2016ஆம் ஆண்டின் ஆயுத விதிகள் பயிற்சியையும் சேர்த்தன. துப்பாக்கியை எப்படிக் கையாள்வது, எப்படி எடுத்துச் செல்வது, வீட்டில் எப்படிப் பத்திரப்படுத்துவது என்பதை எல்லாம் கற்றுச் சான்றிதழ் பெற வேண்டும்.

இந்தப் பயிற்சியில் சொல்லிக்கொடுக்கும் முக்கியமான பாடங்கள் நான்கு.

1. எந்தத் துப்பாக்கியையும் தோட்டா உள்ள துப்பாக்கியாகவே நினைக்க வேண்டும்.

2. சுடக் கூடாத எதையும் நோக்கிக் குழலைத் திருப்பக்கூடாது. விளையாட்டுக்குக்கூடக் கூடாது.

3. சுடும் நேரம் வரும்வரை விசையின் மேல் விரலை வைக்கக்கூடாது.

4. குறி எது, குறிக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று தெரியாமல் சுடக்கூடாது. ரைபிள் குண்டு ஒரு கிலோ மீட்டருக்கு மேலும் பறந்து போகும்.

முதல் பாடத்துக்கு ஒரு காரணம் உண்டு. கைத்துப்பாக்கியிலிருந்து தோட்டா அடுக்கிய கூட்டைக் கழற்றி எடுத்துவிட்டால் அது காலி என்று பலர் நினைக்கிறார்கள். ஆனால் குழலின் அடியில் ஒரு தோட்டா ஏற்கெனவே ஏறி இருக்கலாம். துடைக்கும்போது அது வெடித்துவிடும். "காலி என்றுதான் நினைத்தேன்" என்ற பேச்சு அதன் பிறகு யாருக்கும் உதவாது.

கல்யாணத்தில் வானத்தை நோக்கிச் சுடுபவருக்கு நான்காவது பாடம் மறந்துபோகிறது. மேலே போன குண்டு கீழே வந்துதான் ஆக வேண்டும். அது யார் தலையில் விழும் என்று சுட்டவருக்குத் தெரியாது. நேர் மேலே போகாமல் சாய்வாகப் போன குண்டு இன்னும் அதிக வேகத்தோடு வந்து தாக்கும். நம் நாட்டில் இப்படிக் கல்யாண வீடு சாவு வீடாக மாறியது பல முறை நடந்திருக்கிறது. 2019இல் திருத்தப்பட்ட ஆயுதச் சட்டம் இதைத் தனிக் குற்றம் ஆக்கியது. கொண்டாட்டத்தில் சுட்டுப் பிறர் உயிருக்கு ஆபத்து உண்டாக்கினால் 2 ஆண்டு வரை சிறை, அல்லது ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் உண்டு.

வீட்டில் துப்பாக்கியைத் தோட்டா இல்லாமல் பூட்டி வைக்க வேண்டும். தோட்டாக்களை வேறு இடத்தில் பூட்டி வைக்க வேண்டும். சாவி குழந்தைகள் கைக்கு எட்டக்கூடாது. தலையணைக்கு அடியில் வைத்தால் தூங்கும்போது அதைக் காப்பது யார்? மனம் உடைந்து கோபத்தில் இருப்பவர் கைக்கும் அது எட்டக்கூடாது. பூட்டைத் திறக்கும் நேரத்தில் கோபம் தணியலாம். ஓர் உயிர் பிழைக்கலாம்.

பயிற்சி மட்டும் போதுமா?

போதாது. இதையும் சொல்லத்தான் வேண்டும். பயிற்சி பெற்றவரும் தவறு செய்வது உண்டு. "நான் பயிற்சி பெற்றவன்" என்ற தலைக்கனம் வந்தால் ஆபத்து கூடும். வேகமாக வளைந்து ஓட்டும் வித்தையைக் கற்றுக்கொடுப்பது பாதுகாப்புப் பயிற்சி ஆகாது. எங்கே வேகத்தைக் குறைப்பது, எப்போது சுடாமல் இருப்பது, எப்போது "இன்று வண்டி எடுக்கமாட்டேன்" என்று சொல்வது என்று கற்றுக்கொடுப்பதே நல்ல பயிற்சி.

குடித்தவர் கையில் வண்டிச் சாவியும் இருக்கக்கூடாது. துப்பாக்கியும் இருக்கக்கூடாது. எத்தனை நல்ல பயிற்சியையும் சாராயம் அழித்துவிடும்.

முதலில் பார்த்த இரண்டு வீடுகளுக்கும் திரும்புவோம். அப்பா இப்படிச் சொல்லியிருக்கலாம்: "வண்டி உனக்குத்தான் தம்பி. எல்.எல்.ஆர். எடு. ஒரு மாதம் மைதானத்தில் பழகு. பிரேக் பிடித்து நிறுத்திக் காட்டு. அப்புறம் சாவியை வாங்கிக்கொள்." கல்யாண வீட்டார் இப்படிச் சொல்லியிருக்கலாம்: "ஐயா, நீங்கள் வந்தாலே எங்களுக்குப் பெருமை. துப்பாக்கி வீட்டில் பூட்டியே இருக்கட்டும்."

இரண்டும் சின்னப் பேச்சுகள்தான். சொல்பவருக்குக் கொஞ்சம் தயக்கம் இருக்கும். கேட்பவருக்குக் கொஞ்சம் வருத்தம் இருக்கும். ஆனால் அந்த வருத்தம் ஒரு நாளில் ஆறிவிடும். போன உயிர் திரும்பி வராது.

கலந்து பேசுங்கள்

1. உங்கள் ஊரில் வண்டி ஓட்டுபவர்கள் யாரிடம் கற்றுக்கொண்டார்கள்? பிரேக் பிடித்து நிறுத்தப் பழகினார்களா?

2. பின்னால் உட்காருபவருக்கு ஏன் தலைக்கவசம் வேண்டும்?

3. துப்பாக்கியையும் தோட்டாவையும் ஏன் தனித்தனியாகப் பூட்டி வைக்க வேண்டும்?

4. 18 வயது ஆகாத பிள்ளை வண்டிச் சாவி கேட்டால் நீங்கள் என்ன சொல்வீர்கள்?